பகலில் பாலம், ராத்திரியில் தூக்கம்: பிள்ளையோடு கொங்கண் ரயில்

வருகிற காலாண்டு லீவுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு, மங்களூரிலிருந்து கோவா வழியாக மும்பைப் பக்கம் போகிற கொங்கண் ரயில்பாதையில் போய் வருவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மூன்றாம் வகுப்பு படிக்கிறான், ரயில் என்றால் சோறு தண்ணி வேண்டாம். யாரிடம் சொன்னாலும் "அங்க எந்த ஊருக்குப் போறிய?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஊர் பார்க்கப் போகவில்லை, ரயிலில் போவதற்காகவே போகிறோம் என்றால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். என் அம்மாவோ நேராகவே கேட்டுவிட்டாள். "ஏட்டி, சின்னப் பிள்ளைய வச்சிக்கிட்டு அம்புட்டு தூரம் ரயில்லயே போய் ரயில்லயே வரணுமாக்கும்? கோவாதான பாக்கணும், பிளேன்ல போயிட்டு வந்தா என்ன?" அம்மாவுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நெல்லைப் பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு இப்படிக் கிளம்ப நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

பொதுவாக ரயிலில் போவதென்றால் எத்தனை மணிக்கு ஏறணும், எத்தனை மணிக்கு இறங்கணும் என்றுதான் பார்ப்போம். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கிற நேரத்தை. மலையை, ஆற்றை, பாலத்தை அந்த வண்டி எத்தனை மணிக்குக் கடக்கிறது? பகலிலா, ராத்திரியிலா? பெரியவர்கள் "சரி, இருட்டில் போய்விட்டது, பரவாயில்லை" என்று விட்டுவிடுவோம். ஒரு மாதமாகப் பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் "பாலம் ராத்திரி ரெண்டு மணிக்கே போயிருச்சுடா" என்று காலையில் எப்படிச் சொல்வது?

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி, தென்காசி வழியாகப் பாலக்காடு போகிற பாலருவி எக்ஸ்பிரஸ் வண்டிக்கு ஆரியங்காவுப் பக்கத்து அருவியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஓடுகிற பாதையும் தென்னாட்டிலேயே அழகான மலைப்பாதைகளில் ஒன்று. ஆனால் திருநெல்வேலி ஜங்ஷனில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஏறி, மலையை நடுச்சாமத்தில் கடந்துவிடும். திரும்பி வரும்போதும் இருட்டுதான். கேரளாவுக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு அதைவிட வசதியான வண்டி கிடையாது, ஜன்னலோரம் உட்கார ஆசைப்படுகிற பிள்ளைக்கு அதில் ஒன்றுமே இல்லை.

அதனால் கொங்கணுக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டமாக, ஜூன் மாதம் சாரல் தொடங்கிய சமயத்தில், செங்கோட்டை மலைப்பாதையைப் பகலில் கடக்கிற மாதிரி ஒரு பயணம் போனோம். காலையில் ஜங்ஷனில் செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினோம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி தாண்டித் தாமிரபரணிப் பாலம், அப்புறம் அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கடையம் என்று மலையை ஒட்டியே போகும். இதையே ஒரு சுற்றுலாப் பாதையாகச் சொல்லலாம், நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை. தென்காசியில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, மதியம் மதுரையிலிருந்து வருகிற குருவாயூர் எக்ஸ்பிரஸில் ஏறிக்கொண்டோம். அது வெளிச்சத்திலேயே மலையைக் கடந்து புனலூர் போய்விடுகிறது. அன்று கொல்லத்தில் தங்கி, மறுநாள் அங்கிருந்து மதியம் கிளம்பும் சென்னை வண்டியில் தென்காசிக்குத் திரும்பினோம். போகவும் பகல், வரவும் பகல்.

இந்தப் பாதை 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்தது. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010-இல் மூடி, 2018-இல்தான் மறுபடி முழுதாக ஓட விட்டார்கள். செங்கோட்டையில் வண்டிக்குப் பின்னாலும் ஓர் இன்ஜினை மாட்டினார்கள். ஏற்றம் அப்படி, முன்னால் ஒன்று இழுக்கப் பின்னால் ஒன்று தள்ள வேண்டியிருக்கிறது. பையன் பிளாட்பாரத்தில் அந்த இன்ஜின் வந்து முட்டி, கொக்கி மாட்டி, ஆள் இறங்கிக் கை காட்டும் வரை நகர மாட்டேன் என்று நின்றான். பகவதிபுரம் தாண்டியதும் பெரிய குகை, ஆரியங்காவுக் குகை. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், தமிழ்நாட்டில் நுழைந்து கேரளாவில் வெளியே வரும். உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் "ஓ"வென்று கத்த, பெரியவர்களும் சேர்ந்து கத்த, ஈரக் கல் வாசனை ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்றோடு வந்து முகத்தில் அடித்தது. வெளியே வந்தபோது என் பையன் கன்னத்தில் ஜன்னல் கம்பியின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது, அவ்வளவு அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்தப் பயணத்தில் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றுதான்: பிள்ளை எத்தனை மணி நேரம் ஜன்னலில் உட்காருவான்? மூன்றரை, நான்கு மணி நேரம் வரை தாங்குகிறது. அதற்கு மேல் போனால் மலையே வந்து நின்றாலும் "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறான். இன்னொன்றும் கவனித்தேன். கழுதுருட்டியில் இருக்கிற பதிமூன்று கண் பாலத்தை ரயிலில் இருந்து பார்த்தால் அதன் அழகு பாதிகூடத் தெரியாது, நாம்தான் அதன் மேலேயே போகிறோமே. பாலத்தின் அடியில் ரோட்டில் நின்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ரயிலுக்குள் இருந்தே பார்த்துவிட முடியாது என்பதை வைத்துத்தான் கொங்கண் திட்டத்தில் அங்கங்கே இறங்கித் தங்குகிற மாதிரி போட்டேன்.

சரி, கொங்கணுக்கு வருவோம். மகாராஷ்டிராவில் ரோஹாவிலிருந்து மங்களூர்ப் பக்கம் தோக்கூர் வரை சுமார் 740 கிலோமீட்டர். 90-க்கும் மேற்பட்ட குகைகள், சிறிதும் பெரிதுமாக இரண்டாயிரம் பாலங்கள். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் அரபிக் கடல், நடுவில் மலையிலிருந்து இறங்குகிற அத்தனை ஆற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற பாதை. வெள்ளைக்காரன் காலத்தில் போடாமல் விட்ட பாதை இது. 1990-இல் தனிக் கழகம் அமைத்து, இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் வேலை நடந்து, 1998 ஜனவரி 26-இல் முழுப் பாதையும் திறந்தது.

திருநெல்வேலியிலிருந்து கொங்கண் வழியாகவே நேரடி வண்டிகள் இருக்கின்றன, பலருக்குத் தெரிவதில்லை. ஜாம்நகர் எக்ஸ்பிரஸ் ஒன்று, காந்திதாம் ஹம்சஃபர் ஒன்று, இரண்டும் தினசரி கிடையாது. காலையில் ஜங்ஷனில் ஏறி உட்கார்ந்தால் நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று அன்று பகல் முழுக்கக் கேரளா. மங்களூர் வரும்போது நல்ல ராத்திரி. கண் விழித்தால் கோவா பக்கம். வண்டி மாற வேண்டாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதில் போனால் கர்நாடகக் கடற்கரை மொத்தமும் இருட்டில் போய்விடும். ஹொன்னாவரில் ஷராவதி மேல் இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் குமட்டா பக்கம் அகநாசினி, அங்கோலா பக்கம் கங்காவளி, கார்வாரில் காளி. ஒவ்வொன்றும் கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அகண்டு கிடக்கும். ஜோக் அருவியாக விழுகிற தண்ணீர்தான் ஷராவதிப் பாலத்தின் அடியில் போகிறது. இதைத் தூக்கத்தில் விடுவதற்கு மனசு வரவில்லை.

எனவே எதைப் பகலில் பார்ப்பது, எதைத் தூங்கிக் கழிப்பது என்று முதலில் பிரித்துக்கொண்டேன். கேரளாவைத் தூங்கிக் கழிப்பது என்பது என் தீர்மானம். என் வீட்டுக்காரருக்கு அதில் வருத்தம்தான், கோழிக்கோடு தாண்டிக் கடலோரமாக வண்டி போகிற இடத்தை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கேரளா பக்கத்தில் இருக்கிறது, ஒரு சனி ஞாயிறுக்குக்கூடப் போகலாம், கார்வாருக்கு அப்படிப் போக முடியாது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

இப்போதைக்குத் திட்டம் இப்படி இருக்கிறது. திருச்சியிலிருந்து திருவனந்தபுரம் போகிற இன்டர்சிட்டி மதியம் ஜங்ஷனுக்கு வரும், அதில் ஏறுகிறோம். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வரை நம்ம ஊர் வெயிலும் பனைமரமும்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியையே உலுக்கும், இரண்டு பக்கமும் காற்றாலைகள், செப்டம்பர் கடைசியிலும் காற்று ஓய்ந்திருக்காது. நாகர்கோவில் தாண்டியதும் மண் சிவந்து, பச்சை கூடி, ஊரே மாறிவிடும். சாயங்காலத்துக்குள் திருவனந்தபுரம். ராத்திரி வண்டிக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற இந்தியன் காபி ஹவுஸுக்குக் கூட்டிப் போகப் போகிறேன். லாரி பேக்கர் கட்டிய செங்கல் கோபுரம் அது. உள்ளே தரை வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும், மேசையும் பெஞ்சும் அந்தச் சரிவிலேயே வரிசையாக இருக்கும். ரயிலில் உட்கார்ந்தே வந்த பிள்ளை ஓடுவதற்கு அதைவிட நல்ல ஓட்டல் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து மாவேலி எக்ஸ்பிரஸ். ஏறிச் சாப்பிட்டுப் படுத்தால் காலையில் மங்களூர். அன்று முழுக்க மங்களூரில் தங்கல், பணம்பூர்க் கடற்கரை, நல்ல தூக்கம், வேறொன்றும் கிடையாது. மறுநாள் காலை வந்தே பாரத்தில் கோவாவில் இருக்கிற மட்காவ். இதைப் பையன்தான் கேட்டு வாங்கினான். மெதுவாகப் போகிற மெமு பாசஞ்சரில், திறந்த ஜன்னலில் போக வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ஆறுகள் எல்லாம் அவ்வளவு அகலம், கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் தெரியும், மதியச் சாப்பாட்டுக்குள் கோவாவும் போய்விடலாம், நாலரை மணி நேரம் சொச்சம்தான், அவன் தாங்குகிற நேரத்தைவிடக் கொஞ்சமே கூடுதல். சேர் கார் பெட்டியில் 'ஜன்னல் சீட்' என்று போட்டிருந்தாலும் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இருக்கிற சுவர் பக்கம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு, அதனால் முன்பின்னாக இரண்டு வரிசையில் எடுத்துவைத்தால் பிள்ளைக்கு எது சரியோ அதில் மாற்றி உட்கார வைக்கலாம். வடக்கே போகும்போது கடல் இடது கை பக்கம். மங்களூரிலிருந்து கிளம்புகிற வண்டிகளில் வாரம் முழுக்க ஓடாதவையும் உண்டு, கிழமை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோவாவில் இரண்டு ராத்திரி. அப்புறம்தான் முக்கியமான பகுதி: மாண்டவி எக்ஸ்பிரஸ். மட்காவிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி மும்பை போகிற வண்டி, கொங்கணின் பெரும்பகுதியைப் பகலிலேயே கடக்கும். வண்டிக்குள் கிடைக்கிற சாப்பாட்டுக்கும் பேர் போனது. விஸ்டாடோம் பெட்டி வைத்த ஜன் சதாப்தியில் போகலாமே என்று அத்தான் சொன்னார்கள். கூரையும் கண்ணாடி, நல்ல பெட்டிதான், டிக்கெட் விலை கூடுதல் என்றாலும் ஒரு தடவைக்குச் செலவழிக்கலாம். ஆனால் மட்காவிலிருந்து அது மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் கிளம்புகிறது. அக்டோபரில் ஆறரைக்கு மேல் இருட்டிவிடும். ரத்னகிரிக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கூரை இருந்தும் நட்சத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும். மும்பையிலிருந்து கோவா வருகிறவர்களுக்கு அந்த வண்டி சரி, அதிகாலையில் கிளம்பி முழுப் பகலும் கிடைக்கிறது.

மாண்டவியில் எதுவரை போவது என்பதில்தான் வீட்டில் நிறையப் பேச்சு நடந்தது. ரத்னகிரிக்குச் சற்று முன்னால் பன்வல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் ஒரு பாலம். தூணின் உயரம் 64 மீட்டர், அதாவது 210 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி என்று ஆடிப்பூரத்துக்குப் போனபோது பையனிடம் சொல்லியிருந்தேன், "அந்தக் கோபுரத்துக்கு மேலயா ரயில் போகும்?" என்று கேட்டவன் அன்று ராத்திரி வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தான். அதோடு ரத்னகிரியில் இறங்கிவிடலாம். ஆனால் கொங்கணின் மிக நீளமான குகை, கார்புடே, ஆறரை கிலோமீட்டர், ரத்னகிரிக்கு வடக்கே இருக்கிறது. ஆரியங்காவுக் குகையில் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினவன் இதற்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். எனவே சிப்ளூண் வரை டிக்கெட். அந்த வழியில் உக்ஷி பக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டியே ராண்பட் அருவி வேறு இருக்கிறது, மழை முடிகிற சமயம் என்பதால் தண்ணீர் இருக்கும். சிப்ளூணில் வாசிஷ்டி ஆற்றங்கரையில் ஒரு நாள் தங்கிவிட்டு, மறுநாள் மும்பையிலிருந்து வருகிற மாண்டவியில் ரத்னகிரிக்குத் திரும்பினால் குகையும் அருவியும் இரண்டாம் தடவை கிடைக்கும். ரத்னகிரியிலிருந்து ஜாம்நகர்–திருநெல்வேலி வண்டி. ஏறிவிட்டால் ஜங்ஷனில்தான் இறங்க வேண்டும். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது, திரும்பும்போது எது இருட்டில் போனாலும் கவலை இல்லை.

நிறைய பேர் ஒன்று கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கொங்கண் என்றதும் பாலத்தின் மேல் ரயில், பின்னால் வெள்ளை வெளேரென்று கொட்டுகிற அருவி என்று வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அது துத்சாகர். அது கொங்கண் பாதையிலேயே இல்லை. கோவாவிலிருந்து கிழக்கே மலையேறிக் கேஸில் ராக், லோண்டா போகிற பாதையில் குளேம் தாண்டி இருக்கிறது. கொங்கண் டிக்கெட் எடுத்துவிட்டு அருவி எப்போது வரும் என்று பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள்.

காலாண்டு லீவில் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது மழைக்கால அட்டவணை. ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை கொங்கணில் வண்டிகளுக்கு வேறு நேரம். செம்மண்ணும் கல்லும் வெட்டிப் போட்ட பாதை, மழையில் சரிந்து விழக்கூடும் என்பதால் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள், தண்டவாளத்தை ராத்திரியும் பகலும் ஆள் நடந்து பார்க்கிறார்கள், பெரிய பாலங்களில் காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்திலிருந்து போகிற வண்டிகள்கூட அந்த மாதங்களில் வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பும். கூகுளில் முதலில் வருகிற நேரத்தை நம்பாமல், பயணத் தேதியைப் போட்டு ரயில்வே தளத்திலேயே பாருங்கள். தாமதமும் ஆகும் என்று வைத்துக்கொண்டு, ஒரே நாளில் இரண்டு வண்டிகளை நெருக்கி மாட்டாமல் இருப்பது நல்லது. நான் அங்கங்கே ஒரு நாள் தங்கல் போட்டதற்கு அதுவும் காரணம்.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், தனிப் படுக்கையும் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டு முடியாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டும் என்றால் முழு டிக்கெட். ராத்திரி வண்டிக்கு முழு டிக்கெட்டே எடுத்துவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஸ்லீப்பர் பெர்த்தில் படுத்தால் இரண்டு பேருக்குமே தூக்கம் இருக்காது, மறுநாள் ஜன்னலில் உட்கார வேண்டிய பிள்ளை மடியில் சுருண்டு கிடக்கும். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் திறந்தவுடனே எடுக்க முடியும், அதை முன்கூட்டியே முடித்து வையுங்கள். நவராத்திரியும் அந்தச் சமயத்தில் வருகிற வருஷம் என்றால் கோவா பக்கம் கூட்டம் அள்ளும்.

ஏசியா, ஸ்லீப்பரா? என்னைக் கேட்டால் ராத்திரிக்கு ஏசி, பகலுக்கு ஸ்லீப்பர். ஏசிக் கண்ணாடி மழையில் பனி பூத்து, வெளியே சேறு தெறித்து, பல நேரம் பச்சையாக ஏதோ போகிறது என்பதற்கு மேல் தெரிவதில்லை. ஸ்லீப்பரில் காற்று, மழை, வாசனை எல்லாம் கிடைக்கும். முடிந்தால் சைடு லோயர் கேளுங்கள். படுக்கையை மடக்கினால் எதிரெதிராக இரண்டு சீட், நடுவில் ஜன்னல், பிள்ளை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். ஆனால் அது வண்டியின் இடது பக்கம் வருமா வலது பக்கம் வருமா என்று முன்னாடியே தெரியாது, பெட்டி எந்தத் திசையில் மாட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. கடல் அந்தப் பக்கம் போனால் எதிர் வரிசைக்காரர்களிடம் "பிள்ளை கொஞ்சம் பாத்துக்கிடட்டும்" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

கதவுப் பக்கம் பிள்ளையை விடவே மாட்டேன். பெரியவர்கள் படியில் உட்கார்ந்து கொங்கணை வீடியோ எடுக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு இவனும் ஆசைப்படுகிறான். முடியாது என்றால் முடியாதுதான். குகையோ பாலமோ வந்தால் கை உள்ளே. எமர்ஜென்சி ஜன்னல் இருக்கிற சீட் வந்தால் அதில் நான் உட்காருவேன், அவன் இல்லை. இந்த மூன்றும் வெள்ளோட்டத்திலேயே பழக்கிவிட்டதால் இப்போது அவனே அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்கிறான்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை முதல் நாளுக்கு வீட்டுக் கட்டுச்சோறு, அதற்கு மேல் ஓடும் வழியில் கிடைப்பது. இட்லியைச் சூடு ஆறவிட்டு, மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்து, இரண்டு பக்கமும் விளிம்பு வரை தடவி, தணலில் வாட்டிய வாழை இலையில் நாலு நாலாக மடித்துக் கட்டினால் ராத்திரி வரை மெத்தென்று இருக்கும். பிள்ளைக்கு உள்ள கட்டில் பொடியைக் குறைத்து நெய். அத்தை புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் தனியாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய், கொஞ்சம் முறுக்கு. தயிர்சாதம் மட்டும் வேண்டாம், ரயில் ஆட்டத்தில் புளித்த வாசனை வந்தாலே என் பையனுக்குக் குமட்டும். வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும், டாக்டரிடம் கேட்டு மருந்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய துண்டு, சின்ன மக்கு, கூடவே இரண்டு செட் உடுப்பு கைப்பையிலேயே. சீட்டுக்கு அடியில் தள்ளிய பெட்டியிலிருந்து அவசரத்துக்கு எதையும் எடுக்க முடியாது.

பொழுதுபோக்குக்கு மொபைல் இல்லை என்று அவனும் நானும் ஒப்பந்தம். அவர் ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். நிற்கிற ஸ்டேஷன்களில் மஞ்சள் பலகையில் ஊர் பெயரோடு கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும் அல்லவா, அதைக் குறிக்க வேண்டும். செங்கோட்டைப் பயணத்தில் இதை ஆரம்பித்தான். மலை ஏற ஏற எண் கூடுவதும், புனலூர்ப் பக்கம் இறங்க இறங்கக் குறைவதும் அவனே கண்டுபிடித்தது. நாம் பாடமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது. பலகையில் எழுத்தும் தமிழ், மலையாளம், கன்னடம், தேவநாகரி என்று மாறிக்கொண்டே வரும், அதையும் பார்த்து வரைந்துகொள்வதாகச் சொல்கிறான். அவன் ஆவலாகக் காத்திருக்கிற இன்னொன்று ரோ-ரோ. சரக்கு லாரிகளை டிரைவரோடு அப்படியே ரயில் மேல் ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக் கொண்டுபோவார்கள், 1999 முதல் கொங்கணில் நடக்கிறது. எங்காவது எதிர் வண்டிக்காக நிற்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் அது வந்து நிற்க வேண்டும் என்று சாமி கும்பிடுகிறான்.

அடுத்து டிக்கெட்தான். முன்பதிவு திறக்கிற காலையில் அவர் லேப்டாப்பில், நான் போனில். முதலில் ரத்னகிரியிலிருந்து திரும்பி வருகிற வண்டி, அது தினமும் இல்லாததால் அதற்கு ஏற்றபடிதான் மற்ற தேதிகள் அமையும். அது கிடைத்தால் மாண்டவி, அதற்கப்புறம் மாவேலி. இன்டர்சிட்டி கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸும் இருக்கிறது. திரும்பும் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் விழுந்தால் பிள்ளையை வைத்துக்கொண்டு கடைசி நேரம் வரை காத்திருக்கப் போவதில்லை. அப்போது சிப்ளூணிலிருந்து ரத்னகிரியோடு நிறுத்தாமல் மாண்டவியிலேயே மட்காவ் வரை வந்துவிட்டு, அங்கிருந்து நேத்ராவதியில் திருவனந்தபுரம். அது தினசரி வண்டி. அந்த டிக்கெட்டையும் அன்றே சேர்த்துப் பார்த்துவிடுவோம்.